படித்துக் காட்டாத அனுமதி

மூன்றாவது தடவையும் சொட்டு மருந்து விட்டுவிட்டுப் போய்விட்டாள். முதலில் ஒரு காந்தல், அப்புறம் மூக்குக்குப் பின்னால் இறங்கித் தொண்டையில் ஒரு கசப்பு. கண்ணில் விட்டது நாக்குக்கு எப்படி வருகிறது என்று கேட்டால், "கண்ண மூடுங்கய்யா, தொறந்து தொறந்து பாத்தா பாவை விரியாது, இன்னும் அரை மணி கூடத்தான் ஆகும்" என்கிறாள் அந்த நர்ஸ். மூடிக்கொண்டுதான் இருக்கிறேன். பெஞ்சில் என்னோடு சேர்த்து இருபது பேர் இருப்போம், எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு, இலை போடுவதற்கு முன்னாலேயே பந்தியில் உட்கார்ந்துவிட்டவர்கள் மாதிரி. ஐம்பத்து நாலு வயசில் சோணைமுத்துவைக் கண்ணை மூடு என்று சொல்லி மூட வைத்த முதல் ஆள் இவள்தான். வலது கண்ணோரத்தில் பத்து நாளாக ஒரு கரும்புள்ளி பறக்கிறது, ஈ மாதிரி, விரட்டினால் போகமாட்டேன் என்கிறது. சர்க்கரை கண்ணுக்குள் போயிருக்குமோ என்று பார்க்க வேண்டுமாம். வீட்டில் சொல்லவில்லை, கண்ணாடி மாற்றிவிட்டு வருகிறேன் என்று கிளம்பி வந்தேன். மூடின கண்ணுக்குள்ளும் அந்த ஈ பறக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான் சட்டைப்பையில் போன் அடித்தது. நிலோஃபர். எங்கள் வெப்சைட்டை எழுதின பொண்ணு. "அண்ணே, மண்டபக்காரங்க அனுமதி கேட்டு அனுப்பிட்டாங்க. உங்க போன்ல வந்திருக்கும். பதினொன்றரைக்குள்ள அழுத்தணும்னு அவங்க ஆளு பிரதாப் ஒத்தக்கால்ல நிக்கிறாரு. நான் இன்னும் முழுசாப் பாக்கல. பாத்துட்டுக் கூப்புடுறேன், அதுவரைக்கும் தொட்டுறாதீங்க." தொடுவதா, அது எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. கண்ணைத் திறந்து போனைப் பார்த்தேன். பாலில் முக்கி எடுத்த மாதிரி ஒரு வெளிச்சம், நடுவில் நீலமாக ஒரு பட்டை. அதுதான் அனுமதிப் பொத்தானாக இருக்கும். மேலே வரிவரியாக என்னவோ எழுதியிருக்கிறது, எறும்பு ஊர்கிற மாதிரி. பொத்தானை மட்டும் பெரிசாகவும் நீலமாகவும் வைத்துவிட்டு, படிக்க வேண்டியதைச் சின்ன எழுத்தில் வைத்திருக்கிறான் பார், அங்கேயே தெரிகிறது அவன் யாவாரம்.

சென்னைக் கம்பெனி, பதினெட்டு கல்யாண மண்டபம் கையில் இருக்கிறது. அவர்கள் தளத்தில் மண்டபம் பதிவு செய்கிறவர் அங்கே ஒரு தரம் உள்ளே நுழைந்தால் போதும், அதே நுழைவில் எங்கள் பாத்திர வாடகைப் பக்கத்துக்கும் வந்துவிடலாம், மறுபடி பேர் பாஸ்வேர்டு என்று யாரும் கேட்கக் கூடாது. இரண்டு வீட்டுக்கும் ஒரே வாசல். ஆவணி முகூர்த்தம் பூராவும் பதினெட்டு மண்டபத்துப் பந்தியும் எங்களுக்கு வந்து சேரும். எங்களுக்கு என்றால் எனக்கு மட்டும் இல்லை. கீழவாசலில் என் கடை, அங்கிருந்து மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் வரைக்கும் நாற்பத்து மூன்று கடை. அண்டா, தேக்சா, அன்னக்கூடை, ஜல்லிக்கரண்டி என்று வாடகைக்கு விட்டுத் தனித்தனியாகச் செத்துக்கொண்டிருந்தவர்களை ஒரே தளத்துக்குள் இழுத்துக்கொண்டு வந்தவன் நான். பள்ளிக்கூடம் ஆறாவதோடு சரி. அழுத்தாமல் விட்டால் எங்களுக்குப் போட்டியாக இருக்கிற திண்டுக்கல்காரன் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவான், தயாராக நிற்கிறான். தெரியாமல் அழுத்தினால் நாற்பத்து மூன்று கடையின் வாடிக்கையாளரும் மண்டபக்காரன் பெட்டிக்குள் போய்விடுவார்கள், அப்புறம் பாத்திரமும் அவனே வாங்கிப் போடுவான், நாங்கள் கழுவுகிற வேலைக்குப் போகலாம். இதை என் போனில்தான் கேட்கிறான், என் கட்டைவிரலைத்தான் கேட்கிறான், ஏனென்றால் தளத்தின் தலைமைச் சாவி என் பேரில் இருக்கிறது. அதை நிலோஃபருக்குக்கூடக் கொடுக்கவில்லை. "குடுக்காதீங்கண்ணே, எனக்கும் அது வேணாம்" என்று அவளே சொன்னாள். அன்றைக்குத்தான் இவள் வேலைக்காரி இல்லை, கூட்டாளி என்று மனசில் எழுதிக்கொண்டேன். வாயால் சொல்லவில்லை. சொன்னால் சம்பளம் கேட்பாள்.

எனக்கு யாவாரம் கண்ணில்தான். எதிராளி விலை சொல்லும்போது வாயைப் பார்க்கமாட்டேன், தொண்டைக்குழியைப் பார்ப்பேன், பொய் அங்கேதான் ஏறி இறங்கும். கைக்கும் கண் உண்டு. கல்யாணம் முடிந்த மண்டபத்தில் மூன்று கடைப் பாத்திரமும் கலந்து கிடக்கும், கரண்ட் போயிருக்கும், விளிம்பைத் தடவினாலே போதும், உளியால் புள்ளி வைத்து வெட்டின எழுத்து விரலில் ஏறிவிடும், இது நம்மது, இது மேலூர், இது சீனிச்சாமியோடது என்று இருட்டிலேயே பிரித்துப் போடுவேன். இந்தப் போனுக்கு விளிம்பும் இல்லை எழுத்தும் இல்லை, தடவினால் வழுவழு என்று போகிறது, தடவவும் பயமாக இருக்கிறது, தடவினதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டால். சீனிச்சாமி. அந்தப் பேர் வரும்போதெல்லாம் எனக்கு நெஞ்சில் ஒரு இடத்தில் மாட்டிக்கொள்கிறது, துணி ஆணியில் மாட்டின மாதிரி. போன வருஷம் வைகாசி. தளத்தில் பதிவு செய்கிற வாடிக்கையாளருக்கெல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் வேறு யாரோ போன் செய்து, எங்களைவிடக் குறைச்சுத் தருகிறோம் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்போது நாற்பத்து மூன்று கடைக்கும் ஒரே பேர், ஒரே பாஸ்வேர்டு. நான்தான் அப்படி வைக்கச் சொன்னேன். குடோன் சாவி எந்தக் கடையிலும் ஒன்றுதான், ஆணியில் தொங்கும், யார் முதலில் வருகிறானோ அவன் எடுத்துத் திறப்பான், எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். நிலோஃபர் தலையால் அடித்துக்கொண்டாள். "ஒத்தச் சாவின்னா உள்ள வந்தது யாருன்னு எப்புடிண்ணே தெரியும்? ஆளுக்கு ஒண்ணு குடுப்போம்." "நாற்பத்து மூணு சாவியை எவன் பாத்துக்கிட்டு இருப்பான், போம்மா" என்றேன். அதனால் திருட்டு நடந்தபோது யார் பேரும் தெரியவில்லை, தெரியாத இடத்தில் என் கோபம் ஒரு பேரைத் தேடி எடுத்துக்கொண்டது. கூத்தியார்குண்டு சீனிச்சாமி, எங்கள் நாற்பத்து மூன்றில் ஒருத்தன், மச்சினன் திண்டுக்கல்லில் பாத்திரக் கடை வைத்திருக்கிறான், அது போதாதா. சங்கக் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னாடி அவன் வேட்டியைப் பிடித்தேன். அவன் என் கையை விலக்கிவிட்டான். "தேடிப் பாரு சோணை, கெடச்சா எங்கிட்ட சொல்லு" என்று சொல்லிவிட்டு டீயைக்கூட முழுசாகக் குடிக்காமல் போனான்.

தேடினேன். தங்கச்சி புதுசாக வாங்கின, யாருக்கும் தெரியாத ஒரு நம்பரை வைத்து, இல்லாத பொண்ணுக்கு இல்லாத கல்யாணம், அறுநூறு பேருக்குப் பந்தி என்று பதிவுப் பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தேன். பாதியில் டீ வந்தது. பதிவு செய் என்கிற பொத்தானை அழுத்தவே இல்லை, அப்படியே விட்டுவிட்டு டீ குடித்தேன். முக்கால் மணி நேரத்தில் தங்கச்சி கூப்பிடுகிறாள். "அண்ணே, யாரோ கல்யாணத்துக்குப் பாத்திரம் வேணுமாக்கான்னு கேக்குறாங்க, யாருக்குண்ணே கல்யாணம்?" அழுத்தாத பதிவு எந்தக் கடைக்கும் போயிருக்காது. சீனிச்சாமிக்கும் போயிருக்காது. அப்படியென்றால் நான் எழுத எழுத அந்தப் பக்கத்துக்குள்ளேயே உட்கார்ந்து எவனோ பார்த்துக்கொண்டிருக்கிறான். நிலோஃபர் ஒரு நாள் பூராவும் குடைந்து எடுத்தாள். முகூர்த்தக் காலண்டர். வளர்பிறை, தேய்பிறை, கரிநாள் எல்லாம் காட்டுகிற அந்தக் காலண்டரை வெளியே ஒரு இடத்திலிருந்து இலவசமாக எடுத்து எங்கள் பக்கத்தில் மாட்டியிருந்தோம். நான்தான் மாட்டச் சொன்னேன், அதுவும் நான்தான். முதலில் ஒழுங்காக இருந்ததாம், நடுவில் கை மாறியிருக்கிறது, வாங்கினவன் அதற்குள் ஒரு காதை வைத்துவிட்டான். இலவசமாகக் கிடைத்தது என்று நடுவீட்டில் மாட்டினேன், அது வீட்டில் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நிலோஃபர் அதை ஒரு பெட்டிக்குள் அடைத்தாள். தேதி காட்டலாம், பக்கத்தில் யார் என்ன எழுதுகிறார் என்று பார்க்க முடியாது. அதன்மேல் ஒரு முத்திரை, உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் காலண்டர் திறக்காது. எந்த எந்த வெளி இடத்திலிருந்து நம்ம பக்கத்துக்கு ஆள் வரலாம் என்று வாசலில் ஒரு பட்டியல், பட்டியலில் இல்லாதவன் உள்ளே வர முடியாது. நாற்பத்து மூன்று கடைக்கும் ஆளுக்கொரு பேர், ஆளுக்கொரு நுழைவு. செய்தது அவள், ஆனால் அந்த வலையை விரித்தது நான், அழுத்தாத பொத்தானால் பிடித்தது நான். படித்தவன் எவனும் பிடிக்கவில்லை. இதை நினைக்கும்போது இப்போதும் முதுகு தானாக நிமிர்கிறது, பெஞ்சில் பின்னால் சுவர் இடிக்கிறது. சீனிச்சாமி கடைக்கு நேரே போனேன். தப்பு என்னோடது என்று சொல்லத்தான் போனேன், வாயில் வேறு என்னவோ வந்தது. "ஒன் அண்டா மூணு எங்கிட்டக் கெடக்கு, ஆள் அனுப்பு" என்றேன். அவனுக்குப் புரிந்தது. புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். இன்றைக்கு நான் அழுத்தினால் அவன் வாடிக்கையாளரும் சேர்ந்துதான் போவார்கள், இரண்டாவது தடவையாக, இந்தத் தடவை திருட்டு என்றுகூடச் சொல்ல முடியாது, நானே கொடுத்ததாக இருக்கும்.

மணி எத்தனை என்று பக்கத்தில் கேட்டேன். "பதினொண்ணு ஆகப் போகுதுங்க" என்றது ஒரு பொம்பளைக் குரல். வயசு நாற்பதுக்குள் இருக்கும், அவளுக்கு மருந்து விடவில்லை, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். பேர் மாரீஸ்வரி, விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடையில் கவுண்டரில் நிற்கிறாளாம். "இங்கிலீஷ் படிப்பியாம்மா?" "ப்ளஸ் டூ வரைக்கும் படிச்சேன், சேலைப் பொட்டில போட்டிருக்கிறதெல்லாம் படிப்பேன்." "அப்ப இதைப் படி" என்று போனை நீட்டினேன், நீட்டின கை பாதியில் நின்றுவிட்டது. யார் இவள், பெயர் சொன்னதால் தெரிந்தவளா, போனைக் கொடுப்பது தலைமைச் சாவியைக் கொடுப்பதுதானே, சங்கக் கூட்டத்தில் நாற்பத்து மூன்று பேருக்கும் போனை யார் கையிலும் கொடுக்காதே என்று சத்தம் போட்டவன் நான்தானே. போனை என் கையிலேயே பிடித்துக்கொண்டு, நீலப் பட்டை இருந்த இடத்தைக் மேலே படாமல் உள்ளங்கையைக் குவித்து மறைத்து, போனின் முகத்தை மட்டும் அவள் பக்கம் திருப்பினேன். "இப்படியே படி." சிரித்தாள். "நாங்க சேலையை விரிச்சுக் காட்டும்போதுகூட முந்தியை இப்படித்தான் புடிச்சிருப்போம், ஓடிருவாங்கன்னு." கண்ணை மூடியிருந்த அவள் அம்மா, "அவரு போனை நீ எதுக்குடி தொடுற" என்றாள். "தொடலம்மா, பாக்குறேன்."

படிக்கிறவர் எப்படிப் படிப்பார் என்று எனக்குத் தெரியும். பத்தொன்பது வயசில் சமையல் காண்ட்ராக்டர் ஒருத்தர் ஒரு பத்திரத்தை எனக்குப் படித்துக் காட்டினார். கரண்டி கழுவிச் சேர்த்த காசில் முதல் முதலாக வாங்கின பாத்திரம், அவர் குடோனில் வைப்பதற்கு ஒரு பத்திரம். நல்ல குரல் அவருக்கு, நிறுத்தி நிறுத்திப் படித்தார், நான் தலையாட்டினேன், கையெழுத்துப் போட்டேன். ஒரு வரியை மட்டும் படிக்காமல் தாண்டியிருக்கிறார். அந்த ஒரு வரியில் என் பாத்திரம் பூராவும் அவருடையதாகிவிட்டது. அதற்கப்புறம் யார் படித்துக் காட்டினாலும் எனக்கு இரண்டு வாய் வேண்டும், ஒரு வாய்க்கு மற்ற வாய் தெரியக் கூடாது. நிலோஃபர் திரும்பக் கூப்பிட்டாள், போனைக் காதில் வைத்துக்கொண்டு, "நீ பாத்ததைச் சொல்லு, எத்தனை வரி?" என்றேன். "அஞ்சுண்ணே." போனைக் காதிலிருந்து எடுத்து மாரீஸ்வரி பக்கம் திருப்பினேன். "எத்தனை வரிம்மா?" விரலால் காற்றில் எண்ணினாள் போல, "அஞ்சு." சரி. ஐந்தையும் அவள் ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிப் படித்தாள், நிலோஃபர் அதையே தமிழில் சொன்னாள், இரண்டும் பொருந்தியது. ஒன்று, உள்ளே வருகிறவர் பேரைத் தெரிந்துகொள்ள. இரண்டு, அவர் போன் நம்பரைப் பார்க்க. மூன்று, எங்களிடம் இருக்கிற எல்லா வாடிக்கையாளர் பட்டியலையும் எடுக்க. நான்கு, பதிவுகளை மாற்றவும் நீக்கவும். ஐந்தாவதை மாரீஸ்வரி இரண்டு தரம் படித்தாள். "நீங்க இல்லாத நேரத்திலயும் உங்க சார்பா எல்லாம் செய்யன்னு போட்டிருக்குங்க. இது யாருக்கு வேணும்? கடைக்கு வந்தவ சேலை எடுத்துட்டுப் போவாளா, எங்க கல்லாச் சாவியும் சேத்துக் குடுன்னு கேப்பாளா?" எனக்கு ரத்தம் தலைக்கு ஏறுவது தெரிந்தது, காது சுட்டது, மூடின கண்ணுக்குள் சிவப்பாக ஒரு அலை. "அவங்களுக்கு முதல் ரெண்டு போதும்ண்ணே" என்றாள் நிலோஃபர். "வாடிக்கையாளர் வந்தா யாருன்னு தெரியணும், அவ்வளவுதான் இதுல வேலை. மிச்சம் மூணும் சும்மா கேக்குறது. கேட்டா நெறையப் பேரு குடுத்துர்றாங்க." "அந்தப் பிரதாப்பை லைன்ல போடு" என்றேன், என் குரல் ஆஸ்பத்திரிக் கூடம் பூராவும் கேட்டிருக்கும். நர்ஸ் ஓடி வந்தாள். "கத்தாதீங்கய்யா, பிரஷர் ஏறுச்சுன்னா கண்ணுக்குள்ள இருக்கிற நரம்பு தாங்காது, பத்திரம்."

கத்தக் கூடாது, பார்க்கக் கூடாது. கண்ணையும் தொண்டையையும் பிடுங்கிக்கொண்டு யாவாரம் பண்ணு என்றால் சோணைமுத்துவிடம் மிச்சம் என்ன இருக்கிறது. பிரதாப் வந்தான். தேன் மாதிரி ஒரு சென்னைக் குரல், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கும் கேட்கிற மாதிரி. "சார், எல்லாரும் குடுக்கிறதுதான் சார், இது ஸ்டாண்டர்ட், நீங்க ஒரு கிளிக் பண்ணா முடிஞ்சுது." நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வாயைத் திறந்தால் கத்தல்தான் வரும் என்று தெரிந்ததால் மூடிக்கொண்டேன், அவ்வளவுதான், அது ஒரு தந்திரமாக ஆரம்பிக்கவில்லை. "சார், லைன்ல இருக்கீங்களா?" ம் என்றேன். மூச்சு விடுகிற சத்தம். அவன் தொண்டைக்குழி எனக்குத் தெரியவில்லை, ஆனால் பேசாமல் இருந்தால் எதிராளி எப்படிப் பேசுவான் என்பதை இன்றைக்குத்தான் காதால் பார்த்தேன். "பதிவை நீக்குற உரிமை வேணாம்னா எடுத்துடலாம் சார், அது டீஃபால்ட்டா வந்திருக்கும்." ம். "நீங்க இல்லாதப்போ செய்யறதுன்னா, ராத்திரியில கணக்கு எடுக்க வசதின்னு... சரி அதையும் எடுத்துடறேன்." பக்கத்தில் மாரீஸ்வரி மூச்சை அடக்கிச் சிரிக்கிறாள், அவள் கடையில் வாடிக்கையாளர் விலை கேட்டுவிட்டு வாய் திறக்காமல் நின்றால் இப்படித்தான் இவர்களும் விலையை இறக்குவார்கள் போல. "ஆனா சார், வாடிக்கையாளர் பட்டியல் மட்டும் எங்களுக்கு வேணும். ரிப்போர்ட்டுக்கு. திண்டுக்கல்ல குடுக்கிறேன்னு சொல்லிட்டாங்க." அங்கே எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. திண்டுக்கல் என்ற சொல்லுக்கு என் கோபம் நாய்க்குட்டி மாதிரி எழுந்து ஓடும். பல்லைக் கடித்தேன். கண்ணுக்குள் நரம்பு என்று நர்ஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. சின்னக் குரலில், எனக்கே அது யார் குரல் என்று தெரியாத குரலில் சொன்னேன். "பட்டியல் என்னோடது இல்ல தம்பி. நாற்பத்து மூணு பேரோடது. எனக்கில்லாததை நான் எப்படிக் குடுப்பேன்? உங்க மண்டபத்துக்கு வர்றவர் பேரும் நம்பரும் எடுத்துக்கங்க, அதுவும் அவர் சரின்னு சொன்னா. திண்டுக்கல்காரர் முழுசாக் குடுத்தா அங்கயே போங்க. ஆனா அவர்கிட்ட அறுநூறு பேருக்கு மேல பந்தி போடப் பாத்திரம் இல்ல, எங்கிட்டத்தான் கைமாத்து வாங்குவாரு. அதையும் ரிப்போர்ட்ல எழுதிக்கங்க."

லைன் கட்டாகிவிட்டது. போச்சு. அந்தக் கணம் பெஞ்சு அப்படியே கீழே இறங்குகிற மாதிரி இருந்தது. நாற்பத்து மூன்று முகம், கண்ணை மூடியிருந்ததால் அத்தனையும் தெளிவாகத் தெரிந்தது. ஆவணிக்கு என்ன சொல்லுவேன், சோணையின் வீம்பால் பதினெட்டு மண்டபம் போச்சு என்பார்கள், மேலூர்க்காரன் முதல் ஆளாகச் சொல்லுவான். சீனிச்சாமி ஒன்றும் சொல்லமாட்டான், அதுதான் தாங்காது. அந்த ஈ இப்போது மூடின கண்ணுக்குள்ளேயே பறக்கிற மாதிரி இருந்தது. மாரீஸ்வரி, "திரும்ப வருவாங்க. பொட்டியைத் திருப்பி அடுக்குற வரைக்கும் நாங்க பேசமாட்டோம், வாங்காமப் போறவங்க படியிறங்குனதும் கூப்புடுவோம்" என்றாள். எத்தனை நேரம் என்று தெரியவில்லை. போன் கையில் ஒரு தரம் நடுங்கியது. நிலோஃபர். "அண்ணே, புதுசா ஒரு அனுமதி அனுப்பியிருக்காங்க. ரெண்டே வரி." மாரீஸ்வரி படித்தாள். "பேரு. போன் நம்பரு, வாடிக்கையாளர் சம்மதத்தோட. அவ்வளவுதான். கீழ மேல எதுவும் இல்ல." "அழுத்துங்கண்ணே" என்றாள் நிலோஃபர், அவள் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குத் தொற்றிக்கொண்டது, கட்டைவிரல் எழுந்தது. நீலப் பட்டை பாலுக்குள் எங்கேயோ மிதக்கிறது. மாரீஸ்வரி, "இங்கங்க, நான் விரலைப் புடிச்சு வைக்கட்டா?" என்றாள். விரல் நின்றுவிட்டது. இரண்டு வாயும் பொய் சொல்லாது, எனக்குத் தெரியும். தெரிந்தும் நின்றுவிட்டது. "நிலோஃபரு, அவருக்குச் சொல்லு, மருந்து எறங்க மூணரை ஆகும், நானே படிச்சுட்டு நானே அழுத்துறேன்." "பத்து நிமிஷத்துல அது காலாவதியாயிரும்ண்ணே." "ஆகட்டும். மூணரைக்கு மறுபடி ஒண்ணு அனுப்பச் சொல்லு. ரெண்டு வரிதானே, கை வலிக்காது." அந்தப் பக்கம் அவள் யாரிடமோ பேசுகிற சத்தம், திரும்பி வந்து, "சரின்னுட்டாருண்ணே. பதினொன்றரைன்னாரே, மூணரைக்கு ஒண்ணுமே சொல்லல" என்றாள். அவர்கள் வைக்கிற கெடுவெல்லாம் அப்படித்தான். முப்பத்தைந்து வருஷ யாவாரத்தில் சத்தம் போடாமல் முடித்த முதல் பேரம். கண்ணும் இல்லாமல். வாழ்நாள் பூராவும் தொண்டையை வீணாக்கியிருக்கிறேனோ என்று ஒரு சந்தேகம் வந்தது, வந்ததை உடனே விரட்டினேன்.

"சோணைமுத்து யாரு?" நர்ஸ்தான். கையில் ஒரு அட்டையையும் பேனாவையும் திணித்தாள். "டாக்டர் ஒரு படம் எழுதியிருக்காருய்யா. கையில ஊசி போட்டு மஞ்சச் சாயம் ஏத்திக் கண்ணுக்குள்ள எடுக்கணும். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, நான் எடத்தைக் காட்டுறேன்." அட்டை மேல் காகிதம் வெள்ளையாக, ஒரே வெள்ளையாக. "என்னம்மா எழுதியிருக்கு?" "எல்லாருக்கும் உள்ளதுதான்யா. பெஞ்சில எல்லாரும் போட்டாச்சு, நீங்க ஒருத்தருதான் பாக்கி." "கண்ணுல மருந்த விட்டுட்டு, அப்புறம் கையெழுத்து வாங்குறீங்களேம்மா." கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டேன். அவள் காகிதத்தைத் திருப்புகிற சத்தம் கேட்டது. "ரெண்டு பக்கம் இருக்குய்யா." "இருக்கட்டும். படி." "அதுல ஒரு சிலருக்கு வாந்தி வரும், அலர்ஜி வரும், ரொம்ப அபூர்வமா உயிருக்கேகூடன்னு எல்லாம் இருக்கும், கேட்டா பயந்துக்குவீங்க." பயம் ஏற்கனவே பத்து நாளாக உள்ளே பறந்துகொண்டுதான் இருக்கிறது, அதற்கு ஒரு பேரும் வரியும் கிடைத்தால் நல்லதுதான். "பயந்துக்குறேன். பயந்துட்டுப் போடுறேன். எனக்கு மூணரை வரைக்கும் வேற வேலை இல்ல." நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, நோயாளியின் பெயர் என்பதிலிருந்து ஆரம்பித்தாள். முதல் வரியில் பெஞ்சில் இருந்தவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். இரண்டாவது வரியில் என் இடது பக்கம் அடங்கியது. நாலாவது வரிக்குள் அந்தக் கூடத்தில் அவள் குரலைத் தவிர வேறு குரல் இல்லை. மாரீஸ்வரியின் அம்மா மட்டும் கண்ணைத் திறக்காமல் முன்னால் சாய்ந்து சொன்னாள். "கொஞ்சம் சத்தமாப் படி தாயி. நானும் போட்டுட்டேன், என்னன்னு கேட்டுக்கிறேன்."